காற்றுக்குப் பதில் ஒரு மாத்திரை

பிப்ரவரி 4

எலி டாக்டருக்கு,

நான்தான், உன் அண்ணி. கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்காதே. போனில் பேசலாம்தான். ஆனால் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டில் பேசினால் உன் அம்மா பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதுவும் போக, நீ போனில் “அண்ணி, அண்ணி” என்று குழைந்தால் நான் இளகிவிடுவேன். ஒன்றரை வருஷமாக உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஷூ தொழிற்சாலையில் போன மாதத்திலிருந்து பொம்பளைகளுக்கு மட்டும் ஒரு மாத்திரை. மஞ்சளாக, வழவழவென்று, ஊறிப்போன மாதிரி இருக்கும். காலையில் உள்ளே நுழையும் முன் வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் ஒன்று வைப்பான். முழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவன் டார்ச் அடித்துப் பார்ப்பான். அதனால் அவனுக்கு டார்ச் என்றே பெயராகிவிட்டது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் வாயை ஒரு தடவைதான் பார்ப்பார்கள். இவன் தினமும் பார்க்கிறான். அவன் விரலில் சிகரெட் நாற்றம். அந்த விரலால் என் முகவாயைப் பிடித்துத் தூக்குகிறான். சீ.

அதற்கப்புறம் நாள் முழுக்க ஏப்பம். அழுகின மீன் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வாடை தொண்டைக்குள்ளிருந்து வரும். மேசையில் பசை சொல்யூஷன் வாடை. நான் ஷூவின் மேல்பாகத்துக்கும் சோலுக்கும் பசை தடவுகிறவள், அந்த வாடை எனக்குப் பழகிப்போனதுதான். இரண்டும் சேர்ந்தால் மட்டும் தாங்க முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடி வைத்துவிடுகிறேன்.

எதற்கு மாத்திரை என்று கேட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைக் காட்டுகிறார்கள். ஒரு வெள்ளை எலி. தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு சிரிக்கிறது. “உங்கள் தாய்மைக்குப் பாதுகாப்பு” என்று அதன் வயிற்றுக்குக் கீழே எழுதியிருக்கிறது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தின் பெயர். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நீ வேலை பார்க்கிற இடம்.

இது உன் கைவேலையா? ஆமாம், இல்லை என்று எழுது போதும்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தின் கழிப்பறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். இங்கே தனியாக இருக்க வேறு இடம் இல்லை. நீங்கள் எழுதியதே எனக்குப் போதும் என்று இருந்தது. திட்டுகிற கடிதமாக இருந்தாலும்.

ஆமாம், அது எங்கள் ஆய்வுதான். மாத்திரை உங்கள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. பேராசிரியர் ஏதோ நலத்திட்டம் என்று சொன்னார், அவ்வளவுதான். டார்ச் அடிப்பதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதை அவரிடம் சொல்கிறேன்.

ஆனால் மாத்திரையைக் கெட்டது என்று நினைக்காதீர்கள். பசை இளகியிருப்பதற்காக அதில் ஒரு கரைப்பான் சேர்க்கிறார்கள். அதன் ஆவியை மூச்சில் இழுக்க இழுக்க, உடம்புக்குள் இரும்பில் துருப் பிடிப்பதைப் போல ஒரு வேலை நடக்கிறது. சினைப்பையில் அது அதிகம். பெண்ணுக்குப் பிறக்கும்போதே இருக்கிற கருமுட்டைகள்தான், புதிதாக ஊறிவராது. அதனால் அங்கே பட்ட சேதம் சேதம்தான். இந்த மாத்திரை ஆன்டிஆக்ஸிடன்ட் வகை. துருப் பிடிப்பதைத் தடுக்கும், அதாவது ஓரளவுக்குத் தடுக்கும். மாத்திரை கொடுத்த எலிகளின் சினைப்பையில் சேதம் கணிசமாகக் குறைந்திருந்தது. நானே கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் ஏப்பம் குறையும்.

இன்னொன்று. உங்களுக்குக் கரு கலைந்தபோது “அண்ணி உடம்புல சத்தே இல்லம்மா, நேரத்துக்குச் சாப்பிடறதும் இல்ல” என்று நான் அம்மாவிடம் சொன்னது உண்மை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு உங்களை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னான். நீங்கள் எதைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்ததும்தான் இந்த ஆய்வில் போய்ச் சேர்ந்தேன். எலி அறையின் மூத்திர நாற்றம் தலைமுடியை விட்டுப் போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்து போகிறார்கள். அதைச் சகித்துக்கொண்டது உங்களை நினைத்துத்தான். நம்பினால் நம்புங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 24

எலி டாக்டருக்கு,

நம்புகிறேன். அதனால்தான் இன்னும் எரிகிறது.

உன் மாத்திரை வந்த பிறகு இங்கே என்ன நடந்தது என்று கேள். மேசைக்கு மேலே வாடையை இழுத்து வெளியே தள்ளுகிற விசிறி ஒன்று இருந்தது. கிழடுதான், கடகடவென்று அடித்துக்கொள்ளும், ஆனால் இழுக்கும். போன மாதம் நின்றுபோனது. பழுது பார்க்க ஆள் வரவில்லை. ஜன்னலையும் திறக்க விடுவதில்லை. காற்று அடித்தால் பசை சீக்கிரம் காய்ந்து மேலே ஆடை கட்டிவிடுமாம், தூசி ஒட்டுமாம், ஷூ பிரிந்துகொள்ளுமாம். ஷூவுக்குக் காற்று ஆகாது. எங்களுக்கு மாத்திரை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது நாள் தள்ளிப்போனால், எங்களோடு வேலை செய்கிற ஒரு பெரியம்மா டார்ச்சின் காதில் போடுவாள். மறுநாள் அந்தப் பெண் பேக்கிங்கில் இருப்பாள். ஷூவை டப்பாவில் வைத்து மூடுகிற வேலை, வாசலை ஒட்டின இடம், காற்று வரும். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. போன தடவை வெட்கப்பட்டுக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை, மூன்றாம் மாதம் மேசையிலேயே முடிந்துபோனது. பசை டப்பாவுக்குப் பக்கத்தில் நான் சுருண்டு கிடந்தபோது டார்ச், “யாராவது அந்த டப்பாவ மூடுங்கப்பா, காயுது” என்றான்.

இந்தத் தடவை வெட்கமெல்லாம் இல்லை. ஆமாம், தள்ளிப்போயிருக்கிறது. உன் அண்ணனுக்கு மட்டும் தெரியும். உன் அம்மாவிடம் மூச்சு விட்டாயோ, தொலைத்துவிடுவேன்.

பெரியம்மாவை அனுப்பாமல் நானே போய்க் கேட்டேன். டார்ச் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். “அதுக்குத்தானம்மா மாத்திரை. பேக்கிங்குக்கு மாத்துறதெல்லாம் இனிமே கிடையாது. மேலேயிருந்து உத்தரவு. விஞ்ஞானிங்களே சொல்லிட்டாங்க, நீ என்ன.”

குமட்டிக்கொண்டு வந்தது. அவனைப் பார்த்தா, வயிற்றில் இருக்கிறதாலா, உன் மாத்திரையாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“ஓரளவுக்கு”, “கணிசமாக” என்றெல்லாம் பூசி மெழுகாதே. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். மாத்திரையைத் தின்றுகொண்டு அந்த வாடையிலேயே கிடந்த எலிகள் குட்டி போட்டனவா? குட்டிகள் உயிரோடு இருந்தனவா?

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டேன்.

குட்டி போடவில்லை. போட முடியாமல் போனது என்று அர்த்தமில்லை. நாங்கள் அவற்றை ஆண் எலிகளோடு விடவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவியைச் செலுத்தினோம், மாத்திரை மருந்தைக் குழாயால் தொண்டைக்குள் விட்டோம், குறித்த நாள் வந்ததும் கொன்று சினைப்பையை எடுத்துப் பார்த்தோம். சேதம் குறைந்திருந்தது என்பது அதில் பார்த்ததுதான். அது பொய் இல்லை. ஆனால் கரு தங்குமா, தங்கியது பிழைக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. அதோடு, மருந்தை ஆவிக்கு முன்பே கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். நீங்களோ எத்தனையோ வருஷம் அந்த மேசையில் ஆவியை இழுத்த பிறகுதான் மாத்திரை போட ஆரம்பித்தீர்கள்.

இன்னொரு கூண்டும் இருந்தது. ஆவியும் கிடையாது, மருந்தும் கிடையாது, சாதாரணக் காற்று. எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தவை அந்த எலிகள்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எல்லா ஆய்விலும் அப்படி ஒரு கூண்டு வைப்பது உண்டு. அதை யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை.

பேராசிரியரிடம் கேட்டேன். “பொய் எதுவும் சொல்லலையேம்மா. சேதம் குறைஞ்சுதா இல்லையா? குறைஞ்சுதுன்னுதானே சொல்றோம்” என்றார். கருவைப் பற்றிக் கேட்டேன். “அது அடுத்த கட்டம்” என்றார். ஆராய்ச்சிக்குப் பணம் உங்கள் கம்பெனி தருகிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. சொல்லும்போது அவர் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். அது உடைந்து உள்ளே விழுந்ததும் விரலை விட்டு எடுத்துச் சாப்பிட்டார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து என்னால் டீ குடிக்க முடியவில்லை.

அடுத்த கட்டத்துக்கு எலி தேவையில்லை அண்ணி. நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று தெரியும். இந்த மாதம் பதினேழாம் தேதி உங்கள் தொழிற்சாலையில் பெண்களுக்கு விளக்கக் கூட்டம் வைக்கிறார்கள். பேராசிரியர் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். அங்கே எல்லார் முன்னாலும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 19

உனக்கு,

டாக்டர் என்று கூப்பிட மனசு வரவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தாய், நான் பார்த்தேன், நீ கண்ணைத் திருப்பிக்கொண்டாய். வெள்ளைக் கோட்டு உனக்கு நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் பேசினாய். படம் போட்டாய். துருப் பிடித்த ஆணி ஒன்று, பளபளவென்று ஒரு ஆணி. எல்லாரும் கை தட்டினார்கள். குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல காற்றில் இருந்த கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “கணிசமாக” மட்டும் வாய்க்கு வாய் வந்தது.

கடைசியில் உன் கையாலேயே மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். போட்டோ எடுக்க. நானும் வரிசையில் வந்தேன். வேண்டுமென்றேதான் வந்தேன். என் கையில் வைக்கும்போதாவது ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். நீ வாயெடுத்து, வார்த்தையை மென்று முழுங்கினாய். உன் விரல் ஈரமாக இருந்தது, மாத்திரையின் மேல்தோல் இளகி என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. போட்டோக்காரன் “சிரிங்க மேடம்” என்றான். நீ சிரித்தாய். உன் முகத்தில் காறித் துப்பணும் போல இருந்தது. கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டேன்.

முழுங்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் முழுங்குவதில்லை, உனக்குத் தெரியட்டும். கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துக்கொண்டு நாக்கைத் தூக்கிக் காட்டப் பழகிவிட்டோம். பொம்பளைகள் கழிப்பறையில் கை கழுவுகிற தொட்டியைப் பார்த்தாயானால் உன் ஆராய்ச்சி அங்கேதான் கிடக்கிறது. பாதி கரைந்து, எச்சிலும் தலைமுடியுமாகச் சுற்றிக்கொண்டு, வடிகால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, மஞ்சளாக ஒரு களி. கழுவுகிற அம்மா குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டே எங்களைத் திட்டுகிறாள். அவள் திட்டுவது நியாயம்.

லேஸ் கோர்க்கிற பிரிவில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது, வாய் ஓயாது, சிட்டு என்று கூப்பிடுவோம். அவள் கேட்டாள். “அக்கா, மேடையில பேசுனாங்களே, அப்படியே உங்க வீட்டுக்காரர் சாடை. சொந்தமா?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

இனிமேல் எழுதாதே.


மார்ச் 28

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் இதோடு வைத்திருக்கும் தாளை மட்டும் கிழிக்காதீர்கள்.

சமாதானம் சொல்லப்போவதில்லை. பேராசிரியர் முன்னால் உட்கார்ந்திருந்தார், என் பட்டம் அவர் கையெழுத்தில் தொங்குகிறது, நான் பயந்துவிட்டேன். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். “வெயில்தாம்மா” என்று பேராசிரியர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கை பட்ட இடம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் கூசியது.

கூட இருப்பது ஒரு பக்கம்தான். உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன், ஏனென்றால் எனக்கும் அப்படி எழுதினால்தான் புரிகிறது. மருந்து கொடுத்த எலிகளில் சேதம் குறைந்தது, நிற்கவில்லை. எந்த எலியும் சினையாக விடப்படவில்லை. ஆகவே கர்ப்பிணிக்கு இந்த மாத்திரை பாதுகாப்பு என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. சுத்தமான காற்றில் இருந்த எலிகளே நன்றாக இருந்தன. கர்ப்பிணிகளைப் பசை மேசையிலிருந்து மாற்றுவதை நிறுத்த இந்த ஆய்வைக் காரணம் காட்டக் கூடாது. கீழே என் கையெழுத்து.

இதே தாளை உங்கள் மேலாளருக்கும் தொழிலாளர் நல அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். பேராசிரியரின் மேசையில் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் படித்துவிட்டு, கோபமே இல்லாமல், “சாவியைக் குடுத்துட்டுப் போம்மா” என்றார். எலி அறைச் சாவி. கொடுத்துவிட்டேன். இனிமேல் எலி டாக்டர் என்று நீங்கள் கூப்பிட்டாலும் அது சரியாக இருக்காது.

உடம்பு எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 16

எலி டாக்டருக்கு,

எனக்கு நீ அதுதான். சாவியை வாங்கினவன் அதையும் வாங்கிவிட முடியாது.

உடம்பு இருக்கிறது. மூன்றாம் மாதம் நடக்கிறது. ராத்திரி படுத்தால் கை தானாக வயிற்றுக்குப் போகிறது, பயத்தில்.

உன் தாள் வந்து சேர்ந்த நாலாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். ஏசி அறை, ஏதோ பூ வாசனை அடித்துவிட்டிருந்தது. ஜன்னல் திறந்தே இருந்தது, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. என்னை உட்காரச் சொல்லி ஜூஸ் வரவழைத்தார். “விசாரிச்சோம், உங்க குடும்பத்துப் பொண்ணுதானாம். ஏதோ அவசரப்பட்டு எழுதிட்டாங்க போலிருக்கு. பரவாயில்ல. உங்கள நாளைக்கே பேக்கிங்ல போட்டுர்றோம். குழந்தை நல்லபடியா பொறக்கட்டும். அந்தப் பேப்பர மட்டும் யார்கிட்டயும் காட்டாதீங்க. அது நமக்குள்ள இருக்கட்டும்” என்றார்.

நமக்குள்ளவாம். தலையில் நன்றாக மிளகாய் அரைக்கிறார் என்று தெரிந்தது. தெரிந்தும், “சரிங்க சார்” என்றேன். ஜூஸையும் குடித்தேன். உன்னை அன்றைக்கு என்னவெல்லாம் சொன்னேன். என்னை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பேக்கிங்கில் உட்கார்ந்தேன். வாசல் காற்று முகத்தில் அடித்தது. குமட்டல் இல்லை, தலைவலி இல்லை, மத்தியானம் டப்பாவைக் காலி செய்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிற வழியில் பார்த்தேன், என் இடத்தில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். என் தூரிகையைப் பிடித்துக்கொண்டு, என் பசை டப்பாவுக்கு மேலே குனிந்து. காலையிலேயே மாற்றிவிட்டார்களாம். நான் எழுந்த நாற்காலி காலியாக இருக்குமென்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ. சாப்பிட்டதெல்லாம் தொட்டியில் வந்துவிட்டது, அந்த மஞ்சள் களியின் மேலேயே.

பத்து நாள் வாயை மூடிக்கொண்டு டப்பா மூடினேன். என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் வயிறு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு டீ நேரத்தில் சிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள், இன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

“அக்கா, எனக்கு இருபது நாள் தள்ளிப் போயிருக்கு. டார்ச்கிட்ட கேட்டேன், மாத்திரைதான்ங்கிறான். உங்களுக்கு யாரோ ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தாங்களாமே. அதுல என் பேரையும் சேக்கச் சொல்றீங்களா?”

யாருடைய பேரும் அதில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ரவிக்கைக்குள் வைத்திருந்த உன் தாளை எடுத்துச் சிட்டு கையில் கொடுத்துவிட்டேன். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவள் திக்கித் திக்கிப் படித்தாள். “எந்த எலியும் சினையாக விடப்படவில்லை” என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் படித்தாள். பெரியம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். டார்ச், “பசை காயுது, பசை காயுது” என்று ஓடி வந்தான். யாரும் மூடவில்லை.

நாளைக்குக் காலையில் வாசலில் என்னை எந்த மேசைக்கு அனுப்புவார்கள், உள்ளே விடுவார்களா என்பதே தெரியவில்லை. இதைப் படித்த உடனே கிளம்பி வா. சிட்டு உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நீ யார் என்று இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டேன்.

அண்ணி